பச்சைக் கோடு எதைப் பார்த்து நகர்கிறது

திருச்சி தில்லை நகரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு நாற்பத்தேழு. சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். இதில் யார் யாரிடம் படிக்கிறார்கள் என்பது கீழே டீக்கடைக்காரருக்குப் பிடிபடவே இல்லை.

குருவின் பெயர் ரெஜினா. கம்ப்யூட்டர் திரையில் ஜனங்கள் பார்க்கிற, தொடுகிற பக்கத்தை எழுதுவதுதான் அவர் தொழில். அதில் கெட்டிக்காரர். சீடர் மாத்ருபூதம், பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பிள்ளைகள் சேராமல் கல்லூரியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார மனமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தார். பழைய மாணவர்களுக்கு அவர் பூதம் சார். ஆள் என்னவோ காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி இருப்பார்.

ரெஜினாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்லமாட்டார். எதையாவது செய்யச் சொல்வார்.

வந்த புதிதில் மாத்ருபூதம் எழுதிய புரோகிராம், பெரிய படங்களைக் காப்பி செய்யும்போதெல்லாம் திரையோடு உறைந்து போனது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை.

"ஏன் மேடம் இப்படி ஆகுது?"

"டீ போடுங்க சார். போட்டு முடிக்கிற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

அவர் டீ போட்டார். ரெஜினா வாசலில் நின்று சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பால் பொங்குகிறவரை பொறுத்த மாத்ருபூதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வேலை செய்கிறவனும் வாசலில் பதில் சொல்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் வாசல் ஊமையாகிவிடும். அன்றே அதைச் சரி செய்தார்.

இப்படி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவர் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள மறுத்தார். அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஊரில் ஒரு பெரிய இதய மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு ஹால். உறவுக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். தியேட்டர் கதவில் ஒரு மணி. ஆளாளுக்குப் போய் மணியை அடித்து, என்ன ஆச்சு, எப்ப முடியும் என்று கேட்டு நர்ஸுகளின் உயிரை எடுத்தார்கள். மேலாளர் ரெஜினாவின் அலுவலகத்துக்கு வந்தார். "சுவத்துல ஒரு டிவி மாட்டிடறேன். அதுல ஏதாவது ஓடட்டும். ஜனங்க எந்திரிக்காம இருந்தாப் போதும்" என்றார்.

அப்போது ரெஜினா தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். மாத்ருபூதம் தனியாகவே எழுதி முடித்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு, கோட்டின் முனையில் எத்தனை சதவீதம் என்கிற கணக்கு. கம்ப்யூட்டர்காரர்கள் ப்ராக்ரஸ் பார் என்று சொல்வது இதைத்தான். பழைய ஆபரேஷன்களின் சராசரி நேரத்தை எடுத்து, பைபாஸுக்கு இவ்வளவு, வால்வுக்கு இவ்வளவு என்று, ஆபரேஷனுக்குக் குறித்த நேரத்திலிருந்து கோடு நிரம்பும்படி செய்திருந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, அதோடு விடவில்லை. ஆரம்பத்தில் கோடு கொஞ்சம் வேகமாக ஓடும், பார்ப்பவர் மனசு இளகட்டும் என்று. பிறகு நிதானமாகும். எந்த நிமிடத்திலும் நிற்காது. பின்னால் போகவே போகாது. தொண்ணூற்றொன்பதுக்கு வந்ததும் அங்கேயே காத்திருக்கும். தியேட்டர் நர்ஸ் பொத்தானை அழுத்தினால் நூறு.

ரெஜினா திரும்பி வந்து அதைப் பார்த்தார்.

"இது எதைப் பார்த்து நகருது சார்?"

"கடிகாரத்தைப் பார்த்து மேடம்."

"உள்ள நடக்கிறதைப் பார்த்து இல்லையா?"

"உள்ள நடக்கிறதை யார் மேடம் சொல்லுவா? நர்ஸுங்க ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டன் அமுக்கணும்னா மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கறார். கடைசில ஒரு தடவை போதும்ங்கறார்."

"பின்னாடி போகுமா?"

"கோடு பின்னாடி போகலாமா மேடம்? பார்க்கறவங்க பதறிட மாட்டாங்க?"

ரெஜினா திரையில் கோட்டின் மேல் விரலை வைத்தார். "எடுத்துடுங்க சார்."

"ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கே மேடம்."

"ஒரு நாள் அந்த ஹால்ல போய் உட்கார்ந்து பாருங்க."

மாத்ருபூதம் போகவில்லை. அடுத்த வெர்ஷனில் மாற்றிவிடுகிறேன் என்றார், அடுத்த வெர்ஷனிலும் அதையே சொன்னார். ரெஜினா மேலாளரிடமே பேசிப் பார்த்தார். மேலாளர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அந்தக் கோடு வந்த பிறகுதான் மேடம் எங்க பொண்ணுங்க நேரத்துக்குச் சாப்பிடுதுங்க. மணிச் சத்தமே இல்லை. அதுல கை வச்சிடாதீங்க." தீபாவளிக்கு மாத்ருபூதம் பெயருக்குத் தனியாக ஒரு ஸ்வீட் பெட்டி வந்தது. அதை ரெஜினாவின் மேசைக்கு எடுத்துப்போய் நீட்டினார் சீடர். குரு ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் மாத்ருபூதத்தின் மனைவி வசுமதிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி ஏறினால் வாங்கியது. பிறகு தலை வாரினாலே வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். நல்ல டாக்டர் இருந்தது அந்த மருத்துவமனையில்தான். வேறெங்கே போவது?

காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது வசுமதி அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

"வெளில ஹால்ல ஒரு டிவி இருக்காமே. நீங்க செஞ்சதுன்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சு."

"ஆமா."

"என் பேர் வருமா அதுல?"

"பேர் வராது. நம்பர் வரும்."

"பரவால்ல. நான் உள்ள இருக்கறப்ப நீங்க தனியா கிடந்து தவிப்பீங்களேன்னு நினைச்சேன். அதைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க. நான் எப்படி இருக்கேன்னு தெரிஞ்சுடும்ல."

மாத்ருபூதம் தலையாட்டினார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளிடம் அதைவிடப் பெரிய பொய்யை அவர் சொன்னதில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஹாலில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எதிர்ச் சுவரில், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், அந்த டிவி. எல்லா முகமும் அதன் பக்கமே திரும்பியிருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. மாத்ருபூதமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்தார்.

வசுமதியின் எண் வந்தது. கோடு பிறந்தது.

முதல் கொஞ்ச நேரம் அது துள்ளிக்கொண்டு ஓடியது. அப்படி ஓடும்படி எழுதியதே அவர்தான். எந்த வரியில் எழுதினார் என்றுகூட நினைவிருந்தது. இருந்தும் இருபதைத் தொட்டபோது அவர் நெஞ்சு லேசாகிவிட்டது. இருபது ஆயிற்றே, நல்லபடியாகப் போகிறதே என்று தோன்றியது. வெட்கக்கேடு. தான் வரைந்த பூச்சாண்டியைப் பார்த்துப் பயப்படுகிறவனைச் சொல்வார்கள். இவர் தான் வரைந்த சாமியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மாள், ஜுலைகா பீவி. கையில் தஸ்பீஹ் என்கிற ஜபமாலையின் மணி உருண்டுகொண்டிருந்தது. இவர் கால் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவராகவே பேசினார்.

"உள்ள யாரு தம்பி?"

"என் வீட்டுக்காரி. வால்வு."

"பயப்படாதீங்க. அந்தா பாருங்க, பச்சை நகருது. நகர்ந்துக்கிட்டே இருந்தா நல்லா இருக்காகன்னு அர்த்தம். எங்க வீட்டு அத்தாவுக்கு பைபாஸ். கோடு எழுபதைத் தாண்டிடுச்சு." அந்த அம்மாள் தன் கணவரின் எண்ணைக் கைகாட்டினார். "நானும் காலைல உங்களை மாதிரித்தான் நடுங்கிக்கிட்டு கிடந்தேன். இதைப் பார்த்தப்புறம்தான் தண்ணி உள்ள இறங்குச்சு. எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ."

நான்தான் அம்மா என்று சொல்லலாம். சொன்னால் அடுத்து, அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று கேட்பார். "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார் மாத்ருபூதம்.

ஐம்பதைத் தாண்டியபோது ஒரு பையன் படிக்கட்டில் ஓடிவந்தான். கையில் ஐஸ் பெட்டி. ரத்தம் என்று அதன் மேல் எழுதியிருந்தது. தியேட்டர் கதவு திறந்தது, அவன் உள்ளே போனான், கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவன், இன்னொரு பெட்டி.

ஹாலே டிவியைப் பார்த்தது. எல்லாக் கோடுகளும் நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாரும் மூச்சை விட்டார்கள். பக்கத்து அம்மாள்கூட, "நம்ம ஆளுக்கு இல்லை" என்று முணுமுணுத்தார்.

மாத்ருபூதம் மட்டும் மூச்சை விடவில்லை. ரத்தம் யாருக்கு? இருந்த கோடுகளில் எதுவும் ஒரு நூல்கூடத் தயங்கவில்லை. தயங்காது. தயங்கத் தெரியாது. உள்ளே வசுமதியின் மூச்சு நின்றுபோனாலும் இந்தக் கோடு நகரும். அவளை வெள்ளைத் துணியால் மூடிய பிறகும் நகரும். அறுபது, அறுபத்தொன்று என்று அழகாக, பிசிறில்லாமல், பார்ப்பவர் மனம் நோகாமல் நகரும். அவர் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்.

போனை எடுத்து ரெஜினாவைக் கூப்பிட்டார்.

"மேடம், கொஞ்சம் வாங்க."

"என்ன சார் ஆச்சு?"

"தெரியல மேடம். என்ன ஆச்சுன்னே தெரியல. அதான் கூப்பிடறேன்."

ரெஜினா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே, தோளில் லேப்டாப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டிவியைப் பார்த்தார், சீடரின் முகத்தைப் பார்த்தார்.

"நிறுத்திடுங்க மேடம். உங்க லேப்டாப்லேர்ந்தே நிறுத்திடலாம்."

"நிறுத்தினா?"

மாத்ருபூதம் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அண்ணாந்த முகங்கள். நகர்ந்தால் உயிரோடு இருக்கிறார் என்று நம்புகிறவர்கள். நின்றால் என்ன நினைப்பார்கள்? பக்கத்தில் மணி உருட்டுகிற இந்த அம்மாள் அப்படியே சாய்ந்துவிடுவார்.

"அப்ப ஓடட்டுமா மேடம்?"

"ஓடினா?"

தானே கட்டிய கூண்டுக்குள் தானே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ரெஜினா எழுந்தார். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு நேராகத் தியேட்டர் கதவுக்குப் போனார். மணிக்குப் பக்கத்தில், அவசியமின்றி அழுத்தாதீர் என்று ஒரு அட்டை. கோடு வந்த பிறகு அந்த மணியை யாரும் தொட்டதில்லை. ரெஜினா அழுத்தினார். சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. எல்லாரும் முகம் சுளித்தார்கள். ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், திரும்ப வந்து ஏதோ சொன்னார்.

ரெஜினா வந்து உட்கார்ந்தார்.

"புது வால்வு வச்சாச்சு சார். இதயத்தை நிறுத்தி மெஷின்ல ஓட்டிக்கிட்டிருந்தாங்க. இப்ப இதயம் தானா துடிக்குதான்னு மெஷினைக் குறைச்சுப் பார்க்கறாங்க. ரத்தம் இவங்களுக்குத்தான் போச்சு."

"எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு சொன்னாங்களா?"

"அப்படிக் கணக்கு இல்லையாம்."

ரத்தம் அவளுக்குத்தான். ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக வசுமதியைப் பற்றி ஏதோ ஒன்று அவருக்கு நிஜமாகத் தெரிந்திருந்தது. டிவியில் அவள் கோடு எண்பத்தைந்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா மறுபடி எழுந்து போனார். இந்த முறை நர்ஸ் உள்ளே போய் வர நேரமாயிற்று. கதவோரம் நின்றிருந்த ரெஜினாவின் முதுகையே மாத்ருபூதம் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து பேசியபோது அந்த முதுகு நிமிர்ந்தது. திரும்பி வருகிறபோது நடை மெதுவாக இருந்தது.

"சார், வால்வு ஓரத்துல கசியுது. மறுபடி மெஷின்ல போட்டுட்டாங்க. தைச்சதைப் பிரிச்சு முதல்லேர்ந்து தைக்கணுமாம்."

"முதல்லேர்ந்தா?"

"ஆமா சார்."

"பின்னாடி போயிடுச்சா மேடம்?"

"ஆமா."

மாத்ருபூதம் அண்ணாந்தார். வசுமதியின் கோடு தொண்ணூற்றேழிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் போகக் கூடாது என்று அவர்தான் அதற்குச் சொல்லியிருந்தார்.

ரெஜினாவின் பக்கம் திரும்பி, ஹாலில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று குரலை அடக்கிக்கொண்டு கெஞ்சினார்.

"என்னால முடியல மேடம். நல்லாயிடும், சீக்கிரம் முடிஞ்சிடும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது சார்."

"தெரியாட்டி என்ன மேடம்? பொய்யாவது சொல்லுங்க."

"அதுக்குத்தான் மேல ஒண்ணு மாட்டி வச்சிருக்கீங்களே."

ரெஜினா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் அது எலும்புவரைக்கும் இறங்கியது.

கோடு தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நின்றது. பக்கத்து அம்மாளின் கணவருடைய கோடும் வெகு நேரமாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ஜுலைகா பீவியின் விரல்களில் மணி இப்போது உருளவில்லை. இறுகப் பிடித்திருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி, யா அல்லா, இன்னும் ஒண்ணே ஒண்ணு." அந்த ஒன்று என்பது என்னவென்று மாத்ருபூதத்துக்குத் தெரியும். அது ஒன்றுமே இல்லை. வேறு எதுவும் தோன்றாததால் அவர் போட்டுவைத்த எண்.

மாத்ருபூதம் எழுந்தார். டிவியின் அடியில் போய் நின்று பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. ஹாலில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தோளில் துண்டு போட்ட ஓர் ஆள் முதலில் ஓடிவந்தார்.

"யோவ், என்னய்யா பண்றே? எங்கம்மா உள்ள இருக்காங்க! மாட்டுய்யா அதை!"

"மாட்டினாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அது பார்க்கலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

துண்டுக்காரரின் கை அவர் சட்டையைப் பற்றியது. "அப்ப காலைலேர்ந்து நாங்க பார்த்துக்கிட்டிருந்தது என்ன?"

"கடிகாரங்க."

அடி விழும் என்று மாத்ருபூதம் காத்திருந்தார். விழவில்லை. அந்த ஆளின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்து, அதன் அடியில் இருந்தது வெளியே வந்தது. மாத்ருபூதத்தின் முகத்தில் இருந்த அதே பயம். சட்டையை விட்டுவிட்டுத் துண்டுக்காரர் கேட்டார், "அப்ப எங்கம்மா எப்படித்தான் இருக்காங்க?"

"தெரியாதுங்க."

ஜுலைகா பீவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "எங்க வீட்டு அத்தா, தம்பி? தொண்ணூத்தொம்பதுல நின்னாகளே?"

"தெரியாதும்மா. வாங்க, கேப்போம்."

மாத்ருபூதம் கதவுக்குப் போனார். மணியை அழுத்தினார். நர்ஸ் கதவைத் திறந்தபோது முகம் கடுகடுவென்றிருந்தது. பின்னால் மொத்த ஹாலும் நிற்பதைப் பார்த்ததும் திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டார். மாத்ருபூதம் எண்களைச் சொன்னார். மற்றவர்களுடையதை முதலில் சொல்லி, வசுமதியுடையதைக் கடைசியில் சொன்னார். நர்ஸ் உள்ளே போனார்.

அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தைப் போல ஒரு நேரத்தை மாத்ருபூதம் வாழ்க்கையில் கண்டதில்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணாந்தால் கறுப்புத் திரை. யாரோ ஒருவர் விசும்பினார்.

கதவு திறந்தது.

"பைபாஸ் பெரியவர் ஐ.சி.யு.வுக்குப் போய் ரொம்ப நேரம் ஆச்சே. நல்லா இருக்கார். பட்டன் அமுக்க மறந்துட்டோம்மா, அவசரத்துல."

ஜுலைகா பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், நடுவில் திட்டினார். "நான் இங்க செத்துப் பொழைச்சேன்டி" என்று நர்ஸைப் பார்த்துச் சொன்னவர், அடுத்த மூச்சில் அவருக்காக அல்லாவிடம் வேண்டி துவாவும் செய்தார்.

"உங்க அம்மாவுக்கு இப்பதான் மயக்க மருந்து கொடுத்திருக்கோம்" என்றார் நர்ஸ் துண்டுக்காரரிடம். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"நாப்பதுன்னு போட்டிருந்துச்சே?"

நர்ஸ் கறுத்துக் கிடந்த டிவியைப் பார்த்தார், மாத்ருபூதத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேருக்கு அவரவர் சேதியைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்க மிஸஸ். மறுபடி தைச்சாச்சு. மெஷினை எடுத்துட்டாங்க. இதயம் தானா துடிக்குது."

மாத்ருபூதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பொழைச்சுக்குவாளா?"

"ரத்தம் இன்னும் நிக்கல சார். அது நின்னாத்தான் மூடுவாங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

கதவு மூடிக்கொண்டது.

துடிக்கிறது. ரத்தம் நிற்கவில்லை. இரண்டையும் மனசுக்குள் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே திரும்பினார். எவ்வளவு தேறும் என்று கூட்டிப் பார்க்க அவர் மூளை பழக்கதோஷத்தில் முயன்றது. கூட்ட வரவில்லை.

ஹாலில் யாரும் உட்காரவில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, என்ன டிவி ஓடவில்லையா என்று யாரையோ கேட்டாள். கேட்கப்பட்டவர் மாத்ருபூதத்தைக் கைகாட்டினார். காலையிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் இப்போது அவர் மேல் இருந்தன.

அவர் ரெஜினாவிடம் போய் நின்றார்.

"எல்லாரும் என்னையே பார்க்கறாங்க மேடம்."

"ஆமா சார்."

"இன்னும் எவ்வளவு நேரம்னு கேப்பாங்க. என் பொண்டாட்டிக்கே எனக்குத் தெரியலையே. நான் என்னத்தைச் சொல்ல?"

ரெஜினா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்து, அந்தக் குழந்தைக்காரப் பெண்ணுக்கு இடம் செய்துகொடுத்தார். பிறகுதான் பதில் சொன்னார்.

"தெரியாதுன்னு சொல்லுங்க சார். சொல்லிட்டு, மறுபடி போய் மணியடிங்க."